ஓட்டில்லாதவ ஓட்டு கேட்டுப் போன கதை

செப்டம்பர் 22, 2023, வெள்ளி

இன்னைக்கு ஓட்டு ஆரம்பிச்சாச்சு. தேர்தல் என்னமோ நவம்பர் 7தான், ஆனா அமெரிக்காவுல நாங்க இருக்கற வர்ஜீனியாவுல 45 நாள் முன்னாடியே போய் போட்டுடலாம். நம்ம ஊர்ல பிரச்சாரம் ஓய்ஞ்சு, ஒயின்ஷாப் மூடி, அப்புறம்தானே ஓட்டு, இங்க பிரச்சாரம் பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடுது ஓட்டு பாட்டுக்கு ஒரு பக்கம் விழுது.

நாங்க இருக்கறது லவுடன் கவுண்டி, ஆஷ்பர்ன் பக்கம். கவுண்டின்னா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி, ஆனா கலெக்டர் கிடையாது, சூப்பர்வைசர் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, ஒரு சேர்மன், எட்டு டிஸ்ட்ரிக்ட்டுக்கு எட்டு பேர், மொத்தம் ஒம்பது. நாலு வருஷத்துக்கு ஒருக்கா எலக்ஷன். அதுல எங்க டிஸ்ட்ரிக்ட்டுக்கு நிக்கிற ஒரு அம்மாவுக்குத்தான் நான் வேலை பாக்குறேன். ரிட்டயர்டு டீச்சர், எந்தக் கட்சியும் இல்ல, சுயேச்சை. பேர் சொல்லிக் கூப்பிடுன்னு அவங்க பத்து தடவ சொல்லிட்டாங்க, அறுபது தாண்டுனவங்கள பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரல, அதனால இங்கயும் டீச்சர்னே எழுதுறேன்.

எனக்கு ஓட்டு கிடையாது. வீட்டுக்காரர் ஹெச்1பி வேலை விசா, நான் அவர் மேல தொத்திக்கிட்டு வந்தவ. போன வாரம் ஆசையா பத்து டாலர் நன்கொடை குடுக்கப் போனேன், அவங்க கணக்குப் பாக்கறவர் பதறிட்டார், சிட்டிசனா, கிரீன் கார்டான்னு கேட்டார், ரெண்டும் இல்லன்னேன், அப்ப ஒரு காசு வாங்கக்கூடாது சட்டம்னு திருப்பிக் குடுத்துட்டார். சம்பளம் வாங்காம நடக்கலாமாம். சரி, நடக்குறேன்.

செப்டம்பர் 30, சனி

31 கதவு. திறந்தது ஒம்பது.

மிச்சத்துல பாதி கதவு கேமரா வழியா பேசுச்சு. "யாரு, என்ன வேணும்"னு ஒரு குரல், எங்கிருந்து பேசுதுன்னு தெரியாது, ஆபீஸ்ல இருக்காங்களோ பாத்ரூம்ல இருக்காங்களோ, நான் கதவைப் பாத்து சிரிச்சு கும்பிடு போடாத குறையா பேசிட்டு வரேன். நோட்டீச லெட்டர் பாக்ஸ்ல போட்டுடாதேன்னு டீச்சர் ஆயிரம் தடவ சொல்லி அனுப்பினாங்க, அது தபால்காரருக்கு மட்டும்தானாம், ஸ்டாம்ப் இல்லாத காகிதம் போட்டா குத்தம். கதவு கைப்பிடியில சொருகிட்டு வரணும்.

திறந்தவங்க கேட்டது பூரா ரோடு. அங்க குழி, இங்க சிக்னல் வேணும், இந்த வளைவுல பசங்க பறக்குறாங்க. சிக்கல் என்னன்னா வர்ஜீனியாவுல ரோடு கவுண்டியோடது இல்ல, ஸ்டேட்டோடது. பக்கத்துல ஆர்லிங்டன் மாதிரி ஒண்ணு ரெண்டு கவுண்டிதான் விதிவிலக்கு. அதுமட்டுமில்ல, ஸ்டேட் எழுதிக் குடுத்த அதிகாரம் மட்டும்தான் கவுண்டிக்கு உண்டு, தானா ஒண்ணும் பண்ணிக்க முடியாது. டீச்சர் இத ஒளிக்காம சொல்லிடுறாங்க, "அது எங்க கையில இல்ல, ஆனா யார் கையில இருக்குன்னு காட்டுறேன்"னு. நம்ம ஊர்ல ஒரு வேட்பாளர் இப்படிச் சொன்னா டெபாசிட் போச்சு. இங்கயும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது, வெளிய சொல்லல.

அக்டோபர் 5, வியாழன்

கார் வரி கட்ட இன்னைக்குக் கடைசி நாள். வருஷத்துக்கு ரெண்டு தடவ, மே 5, அக்டோபர் 5. கார் வாங்கும்போதே வரி கட்டியாச்சே, அப்புறம் வச்சிருக்கறதுக்கு வருஷா வருஷம் எதுக்குன்னு இங்க வர்ற எல்லா தமிழனும் முதல் வருஷம் கேக்குற கேள்வி, இவரும் கேட்டார், இன்னும் கேட்டுட்டிருக்கார்.

எலக்ஷனுக்கு ஒரு மாசம் முன்னாடி இந்த பில் வர்றது பதவியில இருக்கறவங்களுக்கு எமகண்டம்தான். நான் ஜாலியா இருந்தேன், நமக்கு சாதகம்னு. ஆனா ஒருத்தர் கதவத் தொறந்து பில்ல என் மூஞ்சிக்கு நேரா ஆட்டி, இதக் குறைப்பாளா உங்க ஆளுன்னார். பாக்கணும் சார்னேன். கதவ சாத்திட்டார்.

அக்டோபர் 11, புதன்

காலைல ஆறரைக்கு ஆஷ்பர்ன் மெட்ரோ ஸ்டேஷன். சில்வர் லைன் போன வருஷம் நவம்பர்லதான் இங்க வரைக்கும் வந்துச்சு, இதான் கடைசி ஸ்டாப். வாஷிங்டன் போற ஜனம் காதுல மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு போகுது, நோட்டீச வாங்கி பத்தடியில குப்பைத்தொட்டி. ஒரே ஒருத்தர் நின்னு பேசுனார். டேட்டா சென்டர் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேட்டார்.

அதான் இங்க எல்லாமே. டேட்டா சென்டர்னா இன்டர்நெட்ட ஓட்டுற கம்ப்யூட்டருங்க அடுக்கி வச்ச கட்டடம், உலகத்துலயே இவ்ளோ ஒரே இடத்துல கெடையாது, ஜன்னல் இல்லாத சாம்பல் கலர் டப்பா டப்பாவா, நீங்க இத படிக்கிறதே எங்க தெரு வழியா போய் வந்திருக்கலாம். சில இடத்துல ராத்திரி காத்து நின்னா 'ம்ம்ம்'னு ஒரு சத்தம், பழைய மாவு மில்லு தூரத்துல ஓடுற மாதிரி. டீச்சரோட ஒரே பேச்சு, இனிமே வர்ற ஒவ்வொண்ணும் போர்டு முன்னாடி வந்து ஓட்டெடுப்புல பாஸ் ஆகணும்ங்கறதுதான். இப்ப நிறைய எடத்துல அந்த நிலத்தோட சோனிங், அதாவது எங்க என்ன கட்டலாம்ங்கற விதி, பொருந்திட்டா போதும், போர்டையே கேக்க வேண்டாம், கட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்.

பக்கத்து பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில இதே சண்டையிலதான் ஜூன்ல கட்சி வேட்பாளரத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்தல்லயே சேர்மன் ஆன் வீலர் தோத்துப் போனாங்க. அதனால இங்கயும் அலை அடிக்கும்னு டீச்சர் கூட இருக்கறவங்க நம்புறாங்க. நானும்.

அக்டோபர் 15, ஞாயிறு

பொட்லக் லஞ்ச். நம்ம ஆளுங்க பத்து குடும்பம், அதுல ஆறு வீட்டுல சிட்டிசன். சூப்பர்வைசர் யாருன்னு கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. ஆனா அதிமுக பாஜக கூட்டணி போன மாசம் எதனால உடைஞ்சுது, திரும்ப சேருமா சேராதான்னு ஒரு மணி நேரம், எந்தெந்த தொகுதியில எவ்வளவு ஓட்டு பிரியும்னு விரல் விட்டு எண்ணுறாங்க. "நவம்பர்ல எலக்ஷனா? அடுத்த வருஷம்தானே பிரசிடென்ட்?"னு ஒரு அண்ணன். அண்ணா, வர்ஜீனியாவுல வருஷா வருஷம் எலக்ஷன்ணா, உங்க பொண்ணு படிக்கிற ஸ்கூல் போர்டு மொத்தமும் இதுலதான்ணான்னேன். "அப்படியா, பாயசம் எடுத்துக்கோம்மா"ன்னார்.

எனக்கு வந்த கோவம் பாயசத்துல போகல. கிரீன் கார்டு வரிசை, எங்க ஈபி-2 பிரிவுல இந்தியாவுக்கு இந்த மாச விசா புல்லட்டின்ல 2012 ஜனவரி 1ல நிக்குது, எங்களோடது 2015. அது வந்து, அப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சுதான் சிட்டிசனுக்கே மனு போட முடியும். இங்க பொறந்த என் பையனுக்கு ஏழு வயசு, 2034ல ஓட்டு வந்துடும், எங்களுக்கு முன்னாடி அவன்தான் போடுவான்னு நினைக்கிறேன். கையில வச்சிருக்கறவங்க பாயசம் குடிக்கிறாங்க.

கார்ல வரும்போது இவர் "விசால இருக்கோம், அடக்கி வாசி"ன்னார். அது வேற.

அக்டோபர் 21, சனி

இன்னைக்கு என் ஐடியா. நவராத்திரி, தெருவுக்குத் தெரு கொலு, சாயங்காலம் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, கதவும் தானா திறக்கும். டீச்சரக் கூட்டிட்டு நாலு வீடு போனேன். மொதல்லயே சொல்லிட்டேன், இங்க நோட்டீஸ் குடுக்கக்கூடாது, உக்காரணும், குங்குமம் எடுத்துக்கணும், பாட்டு பாடச் சொன்னா பாடணும். ரெண்டாவது வீட்டுல நெஜமாவே பாடச் சொல்லிட்டாங்க, அவங்க சளைக்காம ஸ்கூல்ல குழந்தைங்களுக்கு மாசப் பேர் சொல்லிக் குடுக்கற பாட்டப் பாடுனாங்க, மாமி ஒருத்தங்க தொடையில தாளம் போட்டாங்க.

மூணாவது வீட்டுலதான் விஷயம். படிக்குக் கீழ பசங்க பார்க் வச்சிருந்தாங்க, கடுகு முளைச்ச புல்லு, பொம்ம கார், குளம், எல்லாம் இருந்துச்சு, ஓரத்துல சாம்பல் பெயின்ட் அடிச்ச ஷூ டப்பா மூணு. இது என்ன கண்ணான்னேன். "டேட்டா சென்டர் ஆன்ட்டி, ஆஷ்பர்ன்னா இருக்கணும்ல"ங்குறான். டீச்சர் தரையில உக்காந்து அதையே ரொம்ப நேரம் பாத்தாங்க.

அப்ப அந்த வீட்டு மாமா கேட்டார் பாருங்க ஒரு கேள்வி. 2013ல வீட்டு மதிப்புல நூறு டாலருக்கு ஒரு டாலர் இருபது சென்ட் வரி கட்டுனேன், இன்னைக்கு 87.5 சென்ட், இந்த ஷூ டப்பா கட்டுற வரியாலதானே அது, நீங்க வந்து நிறுத்துனா என் வரி ஏறும்ல? மதிப்பு ஏறிடுச்சே அங்கிள்னு நான் குறுக்க போனேன், டீச்சர் என் கையப் புடிச்சு நிறுத்திட்டு, "ஏறலாம், ஏறாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, ஆனா ஒரே வரும்படிய நம்பி ஒரு குடும்பம் நடத்துவீங்களா"ன்னாங்க. மாமா சிரிச்சார். சுண்டல் இன்னொரு கப் குடுத்தார். ஓட்டு குடுக்க மாட்டார்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது.

வீட்டுக்கு மூணு வெத்தலப் பாக்கு, ரவிக்கத் துணியோட டீச்சர் போனாங்க. இது நன்கொடையில வருமான்னு கணக்கர்கிட்ட கேக்கணும்னாங்க, விளையாட்டுக்கு இல்ல.

அக்டோபர் 29, ஞாயிறு

பிரச்சார போர்டு நட்டோம். ரோட்டோர நிலம் ஸ்டேட்டோடது, அங்க நட்டா போர்டுக்கு நூறு டாலர் வரைக்கும் அபராதம் உண்டு, ஆனா பெரிய ஆளுங்க போர்டு எல்லாம் நடு மீடியன்லயே மொளைச்சு நிக்குது, யாரும் கேக்கல. டீச்சர் தனியார் புல்வெளியில சம்மதம் வாங்கித்தான் நடணும்னு புடிவாதம். மொத்தம் 40. மழை, சேறு. வேற ஒண்ணும் எழுத தெம்பில்ல.

நவம்பர் 7, செவ்வாய்

காலை அஞ்சரைக்கே போயிட்டேன், ஆறு மணிக்கு ஓட்டு ஆரம்பம். எலிமெண்டரி ஸ்கூல், பசங்களுக்கு இன்னைக்கு லீவு. வாசல்லருந்து 40 அடிக்கு கோடு, அதுக்குள்ள வாயத் தொறக்கக்கூடாது. கோட்டுக்கு வெளிய ரெண்டு கட்சிக்கும் ரெண்டு கூடாரம், காபி, டோனட். நமக்கு ஒரு மடக்கு சேர்.

இங்க ஒரு சங்கதி இருக்கு. கவுண்டி பதவிகளுக்கு வாக்குச்சீட்டுல கட்சி பேரு இருக்காது, வெறும் பேரு மட்டும். கேக்க நல்லாத்தான் இருக்கு, நம்ம கிராம ஊராட்சித் தேர்தல்ல கட்சி சின்னம் கிடையாதுல்ல அது மாதிரி. ஆனா ஸ்டேட் செனட்டுல தொடங்கி, ஷெரிஃப், ட்ரஷரர், ஸ்கூல் போர்டு, மண்ணு தண்ணி பாதுகாப்புக்கு இயக்குநர்னு அத்தன பேரு ஒரே சீட்டுல, யாரு எந்தப் பக்கம்னு மக்களுக்கு எப்படித் தெரியும்? அதனால கூடாரத்துல மாதிரி வாக்குச்சீட்டு குடுக்குறாங்க, நம்மாளுக்கெல்லாம் டிக் அடிச்சு. ஜனம் அத வாங்கிட்டுப் போய் பாத்து பாத்து வட்டத்தக் கருப்பாக்கிட்டு வருது. ரெண்டு காகிதத்துலயும் டீச்சர் பேரு இல்ல. இருக்கவும் இருக்காது.

2019 டிசம்பர்ல எங்க சித்தப்பா வார்டு மெம்பருக்கு நின்னார், பூட்டு சாவி சின்னம். கட்சி இல்லாத தேர்தல்தான், ஆனா டீக்கடையில எந்தக் கட்சி ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். காகிதம் தேவையே படல.

பதினோரு மணி வாக்குல நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்தார், வேட்டி இல்ல, பேன்ட்டுதான், ஆனா நெத்தியில விபூதி. சிட்டிசன் ஆகி மொத ஓட்டாம். தமிழ்னு தெரிஞ்சதும் நேரா என்கிட்ட, "என்ன சின்னம்மா?"ன்னார். சின்னம் கிடையாது தாத்தா, பேரு மட்டும்தான்னேன். அவருக்குப் புரியல. "சின்னம் இல்லாம எப்படிம்மா ஓட்டு கேப்பீங்க, எத சொல்லிக் கேப்பீங்க?" நான் நோட்டீசக் குடுத்து பேரக் காட்டுனேன், ரெண்டு தடவ வாய்விட்டு இங்கிலீஷ்ல படிச்சுப் பாத்துக்கிட்டார். உள்ள போயிட்டு வரும்போது பெருவிரல தூக்கிக் காட்டிட்டுப் போனார். யாருக்குப் போட்டாரோ.

ஏழு மணிக்கு முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமதான் மணிய மாத்துனாங்க, அதனால அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடுச்சு, கடைசி ஒன்றரை மணி நேரம் போன் லைட்ட மூஞ்சியில அடிச்சுக்கிட்டே ஓட்டு கேட்டேன், பேய் மாதிரி இருந்திருப்பேன்.

நவம்பர் 8, புதன்

மூணாவது. கூடாரம் ரெண்டும் முன்னாடி, மடக்கு சேர் பின்னாடி. பக்கத்து கவுண்டியில அடிச்ச அலை இங்க எட்டல, சேர்மன் ஃபிலிஸ் ராண்டாலும் மூணாவது தடவையா ஜெயிச்சுட்டாங்க. கொலு வீட்டு மாமா கேட்ட கணக்குதான் எல்லார் மனசுலயும் ஓடிருக்கும், சத்தம் புடிக்கல, ஆனா 87.5 சென்ட் புடிச்சிருக்கு. மாமாவ நான் குத்தம் சொல்லல, எனக்கு வீடே சொந்தமில்ல, வாடகை.

டீச்சர் போன் பண்ணாங்க, அழுவாங்கன்னு நினைச்சேன், போர்டெல்லாம் பொறுக்கணும் சனிக்கிழம வரியான்னு கேட்டாங்க.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ண தேச்சுக் குளிச்சு, அதிரசம் ஒரு டப்பா எடுத்துக்கிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். கராஜ்ல போர்டெல்லாம் அடுக்கியிருந்துச்சு, நேத்து நாங்க புடுங்குனது. அந்தக் கம்பிய ஒரு பத்து வாங்கிக்கிட்டேன், மே மாசம் தக்காளிக்கு ஊனலாம். 40 நட்டதுல 39தான் இருக்குன்னு எண்ணிச் சொன்னாங்க. விடுங்க டீச்சர்னேன். விட மாட்டாங்க.

திரும்பி வரும்போது லவுடன் கவுண்டி பார்க்வேல சிக்னல்ல நிக்கிறேன், எதிர்ப்பக்கம் மீடியன்ல, பெரிய ஆளுங்க போர்டுக்கு நடுவுல, நம்மது. யார் நட்டாங்கன்னு சத்தியமா தெரியல. பையன் பின்னாடி சீட்லருந்து "அம்மா டீச்சர்!"னு கத்துறான். பச்சை விழுந்துடுச்சு, பின்னாடி ஹாரன். அடுத்த சிக்னல்ல யூ டர்ன் போட்டு வந்து, ஹசார்டு லைட்டப் போட்டுட்டு, பட்டுப்புடவைய தூக்கிச் சொருகிக்கிட்டு, ஸ்டேட்டோட புல்லுல எறங்குனேன்.