சம்பந்தரின் சுட்டுவிரல் நான்காவது வார்ப்பில் வந்தது

நேற்று மாலை அச்சை உடைத்ததும் விரலைத்தான் முதலில் தேடினேன். நகம்வரை முழுதாக இருந்தது! மூன்று வார்ப்புகளைப் பாழாக்கிய விரல் அது. ஆறு அங்குல ஆடும் சம்பந்தர் குறையில்லாமல் வந்துவிட்டார்.

கான்பெராவின் தேசியக் கலைக்கூடம் 1989இல் வாங்கி, 2021இல் திருப்பித் தருவதாக அறிவித்த 12ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரின் படங்களை வைத்துத்தான் கரு, அதாவது வார்ப்புக்கான மெழுகு உருவம், பிடித்தேன். விரல் போனால் போகட்டும், முகம் நன்றாக இருக்கிறதே என்றார்கள் வீட்டில். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒற்றைக் காலில் ஆடும் குழந்தை கண்ணனா சம்பந்தரா என்று சொல்வதே அந்த விரல்தான். பால் கொடுத்தது யார் என்று தந்தை அதட்டியபோது, சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை மேலே சுட்டிக் காட்டிய விரல்.

கெடுத்தது காற்று. உலோகம் ஊற்றும் வழியான வார்ப்புவாயை முதுகில் வைத்திருந்தேன். நீட்டிய விரலுக்குள் பாயும் உலோகம் காற்றை நுனியில் அடைத்துவிட்டு அங்கேயே உறைந்துவிடுகிறது. இரண்டாம் முறை உலோகத்தைக் கூடுதலாகக் காய்ச்சினேன். விரல் பாதி வந்தது, கன்னமெல்லாம் துளை. மூன்றாம் முறை விரலைத் தடிமனாக்கியும் நுனி மழுங்கியது. இந்த முறை நுனியிலிருந்து ஈர்க்குச்சி அளவில் ஒரு மெழுகுத் திரியை எடுத்து, வார்ப்புவாய்க்குப் பக்கத்தில் வெளியே விட்டேன். அச்சிலிருந்து மெழுகு உருகி வடிந்த சூடு ஆறுவதற்குள் உலோகத்தை ஊற்றினேன். திரித் துளையில் உலோகம் சிவப்பாக எட்டிப் பார்த்த நொடியில் மூச்சே நின்றுவிட்டது.

மெழுகு 150 கிராம். அதற்கு ஒன்பது மடங்கு உலோகம், வாய்க்கும் திரிக்கும் தனி. தேன்மெழுகு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: ஒரு கடையில் பாரபின் கலந்து கொடுத்துவிட்டார்கள், மெழுகில் கலக்கும் குங்கிலியத்தோடு சேராமல் திரிந்துவிட்டது. இப்போது மலைத்தேன் எடுப்பவர்களிடமே அடையாக வாங்கி உருக்கிக்கொள்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் காலத்தில் ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான் கொடுத்த திருமேனிகளில் சம்பந்தரும் உண்டு. கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, உயரம்கூட விரல்கணக்கில் இருக்கிறது. வார்த்த ஸ்தபதியின் பெயர் இல்லை. அவர் திரியை எங்கே வைத்திருப்பார் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரியின் கட்டை இன்னும் விரல் நுனியில் நிற்கிறது. நல்ல வெளிச்சத்தில், சின்ன அரத்தால் மட்டுமே அதைத் தொடுவேன். பீடமும் பாக்கி. ஆனால் வெண்ணெய்க் கண்ணனுக்கு மெழுகு காய்ச்சி வைத்தாகிவிட்டது.