தப்பான வழியிலும் சரியான விடை தரும் தசமக் கணக்குகள்

0.7, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் வகுப்பே சரியாகச் சொல்லிவிடும். புள்ளியைக் கையால் மறைத்துக்கொண்டு 7, 4 என்று மட்டும் பார்த்தாலும் அதே விடைதான். அதனால் அந்தக் கணக்கு எதையுமே சோதிக்கவில்லை. ஆறாம், ஏழாம் வகுப்புப் பயிற்சித்தாள்களில் இந்த ரகம் ஏராளம். தசமத்தில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி, முழு எண்ணில் பழகியதை அப்படியே இங்கேயும் செய்வதால் வருவது. அந்தப் பழக்கம் தப்பான விடையில் போய் முட்டும்படி எண்களைப் பொறுக்கிக் கொடுத்தால்தான் அது பயிற்சி.

ஒப்பிடுதலையே எடுத்துக்கொள்வோம். 0.6, 0.45 கொடுங்கள். 6-ஐவிட 45 பெரியது, ஆகவே 0.45 என்பார்கள் சிலர். அடுத்து 0.3, 0.47. முதல் ஜோடியில் தவறியவர்கள் இதைச் சரியாகச் சொல்வார்கள், ஆனால் காரணம் அதே பழைய காரணம். வேறு சிலர் இங்கே 0.3 என்பார்கள். பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது, ஆகவே நூறில் ஒன்றாம் இடம் வரை நீளும் எண் எப்போதுமே சிறியது என்பது அவர்கள் பிடித்துவைத்திருக்கும் விதி. இரண்டும் நேரெதிர்க் கோளாறுகள். ஒரே ஒரு ஜோடி கொடுத்தால் ஒரு கூட்டம் தப்பித்துவிடும். இரண்டையும் கொடுத்து, கூடவே 0.4, 0.40 என்ற ஜோடியையும் சேருங்கள்.

‘பின்னால் பூச்சியம் சேர்த்து நீளத்தைச் சமமாக்கு’ என்ற வழி எல்லாருக்கும் தெரியும். 0.60, 0.45 என்று எழுதி ஒப்பிடலாம், விடை வரும். ஆனால் பிள்ளை அங்கேயும் 60-ஐயும் 45-ஐயும் முழு எண்ணாகத்தான் பார்க்கிறது. புரிந்ததா என்று அறிய வேறு கேள்வி வேண்டும்: 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் எண் உண்டா? ‘இல்லை’ என்று வந்தால் ஸ்கேலை எடுக்கவேண்டிய நேரம்.

மீட்டர் ஸ்கேல் ஒன்று போதும். முழு நீளம் 1 என்றால் 10 செ.மீ. 0.1, 1 செ.மீ. 0.01, 1 மி.மீ. 0.001. 0.6-ஐக் காட்டச் சொன்னால் விரல் 60-இல், 0.45 என்றால் 45-இல் நிற்கும். 0.34-க்கும் 0.35-க்கும் நடுவில் என்ன என்று கேட்டால் 34, 35 செ.மீ. கோடுகளுக்கிடையே ஒன்பது சின்னக் கோடுகள் இருக்கின்றன, 0.341 முதல் 0.349 வரை. வரைபடத்தாளில் 100 கட்டங்களைச் சுற்றிக் கட்டம் கட்டி நிழலிடுவதும் நல்லதே: 0.3 என்றால் முப்பது கட்டம், 0.03 என்றால் மூன்று.

வாசிக்கும் விதத்திலும் கண்டிப்பு வேண்டும். 2.45 என்பதை ‘இரண்டு புள்ளி நாற்பத்தைந்து’ என்று படிக்க விட்டால், புள்ளிக்கு அந்தப்பக்கம் இன்னொரு முழு எண் உட்கார்ந்திருப்பதாகவே மனதில் பதியும். ‘இரண்டு புள்ளி நான்கு ஐந்து’ என்றே சொல்ல வைக்க வேண்டும்.

ரூபாய், பைசாவில் தொடங்குவது வழக்கம். தொடக்கத்துக்கு அது அவ்வளவு பொருத்தமில்லை. அதில் எப்போதும் இரண்டே இலக்கங்கள் என்பதால் பைசா தனி எண்ணாகிவிடும். பைசாவைப் பிள்ளைகள் கையில் எடுப்பதும் அரிது. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசு இதைவிட நல்ல வாத்தியார். கால் கிலோவுக்கு 0.250 என்று காட்டுகிறது. 1 கிலோ 50 கிராமைத் தசமத்தில் எழுதச் சொல்லுங்கள். 1.50 என்று எழுதியவரிடம் ஒன்றரைக் கிலோவை எப்படி எழுதுவாய் என்று கேட்டால் அவரே திருத்திக்கொள்வார்: 1.050.

புள்ளி வைத்ததெல்லாம் தசமம் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவர், மூன்று பந்து; தசமத்தில் 4.5. அந்த நேரத்தில் ஸ்கோர் 27 என்றால் ரன் ரேட் 27 ÷ 4.5 = 6. அப்படியே 4.3-ஆல் வகுத்தால் 6.28 வரும், தப்பு. 2.30 மணி நேரம் என்று எழுதுவதும் இதே வகை, அது 2.5 மணி நேரம். பையன்களிடம் ஓவர் கணக்கைக் கொடுத்தால் வகுப்பு முடிந்தும் விடமாட்டார்கள்.

கூட்டலில் 12 + 0.35 + 4.7 மாதிரி நீளம் வேறுபடும் எண்கள் வேண்டும். வலது ஓரத்தை ஒட்டி எழுதிக் கூட்டுபவருக்கு 12 + 35 + 47 = 94 ஆகி, 0.94 என்று வரும். சரியான விடை 17.05. பன்னிரண்டோடு எதையோ கூட்டி ஒன்றுக்கும் குறைவாக வருமா என்ற கேள்வியே போதும். 3.9 + 0.4-ஐயும் விடாதீர்கள், 3.13 என்பவர் புள்ளியைச் சுவராக நினைக்கிறார், பத்து சேர்ந்தால் இடப்பக்கம் தாண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. கழித்தலுக்கு 5 − 1.37. ஐந்தில் ஒன்று போக நான்கு, மிச்சம் .37 என்று 4.37 எழுதுவார்கள். 5.00 என்று எழுதிக் கடன் வாங்கினால் 3.63.

இங்கே தடுக்கி விழுபவர்களில் பலருக்கு முழு எண்ணிலேயே பூச்சியம் தகராறு. 5000 − 1237 (3763), 7035 ÷ 7 (1005) இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு 15 அல்லது 105 என்று வந்தால், 6.12 ÷ 3-க்கு 2.4 என்று எழுதுபவரும் அவரேதான். ஆகவே 612 ÷ 3 = 204, 6.12 ÷ 3 = 2.04 என்று ஜோடியாகவே கொடுக்கலாம். எண்களைச் சொல்லி எழுதவைப்பதும் உதவும். ‘மூன்று இலட்சத்து நாற்பது’ என்றால் 3,00,040. 3,040 என்றோ, 300000-ஐ எழுதிப் பக்கத்திலேயே 40-ஐ ஒட்டியோ வந்தால் தசமத்தை இரண்டு நாள் ஒத்திவைத்துவிட்டு இடமதிப்பை மறுபடி பார்ப்பது லாபம்.

பெருக்கலில் முதல் கண்ணி ‘பத்தால் பெருக்கினால் ஒரு பூச்சியம் சேர்’. 2.5 × 10-க்கு 2.50 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்ததற்குப் போவார்கள். அடுத்தது 2.5 × 0.4. 25 × 4 = 100, புள்ளிக்குப் பின் மொத்தம் இரண்டு இலக்கம், ஆகவே 1.00. பூச்சியங்களை முதலிலேயே அடித்துவிட்டுப் புள்ளி வைப்பவருக்கு 0.01 கிடைக்கும். புள்ளி வைப்பதை மட்டும் தனியாகப் பழக்க ஒரு நல்ல வழி உண்டு. 247 × 36 = 8892 என்று விடையையே கொடுத்துவிட்டு, 2.47 × 3.6, 24.7 × 3.6, 0.247 × 360 ஆகியவற்றுக்குப் புள்ளி எங்கே என்று கேளுங்கள். இலக்கங்களை எண்ணாமல் உத்தேசமாகச் சொல்லவேண்டும்: 2 × 4 = 8-க்குப் பக்கத்தில், ஆகவே 8.892. மற்ற இரண்டும் 88.92.

வகுத்தலில் பிள்ளைகளை உலுக்குவது 6 ÷ 0.5 = 12. வகுத்தால் குறையும் என்றே அதுவரை பார்த்துவந்திருக்கிறார்கள். ஆறு மீட்டர் ரிப்பனில் அரை மீட்டர் துண்டு எத்தனை என்று கேட்டால் பிடிபடும். பிறகு 4.5 ÷ 0.09. இரண்டையும் நூறால் பெருக்கி 450 ÷ 9 = 50. 5 என்று வந்தால் மேலே உள்ளதைப் பத்தாலும் கீழே உள்ளதை நூறாலும் பெருக்கியிருக்கிறார்.

ஒரு நாளைக்கு எட்டுக் கணக்கு போதும். கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் எல்லாம் கலந்து. ஒரே வகையில் இருபது போட்டால் மூன்றாவதிலிருந்து கை மட்டுமே வேலை செய்யும். திருத்தும்போது வெறும் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகராமல், பிள்ளை எழுதிய தப்பான விடையைப் பெயருக்கு எதிரே குறித்துவையுங்கள். 0.94 எழுதியவருக்கும் 4.37 எழுதியவருக்கும் மறுநாள் கொடுக்கவேண்டிய கணக்கு வேறு வேறு.