தறிக்குடோன் வாசலில் வசூல்காரர்கள்

2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறிகளை நிறுத்தினோம். கூலிக்கு நெய்கிறவர்களுக்குத் தறி ஓடினால்தான் வரும்படி. தறி நின்றது, அதை வாங்கத் தனியார் வங்கியில் எடுத்த கடனின் தவணையும் நின்றது. வங்கியில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பாக்கி, வசூல் ஏஜென்சியின் கைக்குப் போன பிறகு பேச்சே மாறிவிட்டது.

இரவு ஒன்பது மணிக்கு மேல் அழைப்பார்கள். என் கணவர் எடுக்காவிட்டால் எனக்கு, நானும் எடுக்காவிட்டால் பெருந்துறையில் இருக்கும் என் அப்பாவுக்கு. அவர் ஜாமீன்தாரர்கூட இல்லை. கடன் மனுவில் தெரிந்தவர் என்று அவருடைய எண்ணைக் கொடுத்திருந்தோம், அவ்வளவுதான். "என்ன கண்ணு, வீட்டுக்கு ஆள் அனுப்புகிறேன் என்கிறானே ஒருத்தன்" என்று கேட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவே இல்லை என்று அம்மா சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்டில் போட்ட உத்தரவைத் தேடிப் படித்தேன். தவணைப் பாக்கிக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தாரையும் தெரிந்தவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. எங்களுக்கு நடந்தது அத்தனையும் அந்தத் தடைக்குள் அடங்கியது.

அடுத்து இரண்டு பேர் நாங்கள் தறி ஓட்டும் குடோன் வாசலுக்கே வந்து, பக்கத்துக் குடோன்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டார்கள். வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டேன். ஒருவர் செல்போனில் அடையாள அட்டையின் படத்தை நீட்டினார். அதில் ஏஜென்சியின் பெயர் இருந்தது, வங்கியின் பெயர் எங்கும் இல்லை. தறியைக் கழற்றிக்கொண்டு போவோம் என்றார்கள். நோட்டீஸைக் காட்டுங்கள் என்றேன். கடைசியில் பத்தாயிரம் ரொக்கமாகக் கொடுத்தால் போய்விடுகிறோம் என்றார்கள். கொடுக்கவில்லை. கட்டுகிற பணம் கடன் கணக்கில் நேராக ஏற வேண்டும். வாசலில் கைமாறும் பணத்துக்கு யார் சாட்சி?

அன்றே வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். கடன் எங்களுடையதுதான், கட்டுவோம் என்று முதல் வரியிலேயே சொன்னேன். பிறகு, எந்த எண்ணிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு அழைத்தார்கள், என்ன சொல்லித் திட்டினார்கள் என்று அந்தச் சொற்களையே எழுதினேன். எழுதக் கூசியது. ஆனாலும் "தரக்குறைவாகப் பேசினார்" என்று பொதுவாக எழுதினால் படிக்கிறவருக்கு உறைக்காது. மின்னஞ்சலிலும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீதும் வாங்கினேன்.

30 நாள் ஆகியும் வங்கியிடமிருந்து பதில் இல்லை. அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக முடியும். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். இணையத்தில் பதிவு செய்தேன். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டுக்கொள்ளலாம். ஒப்புகை அட்டையையும் அழைப்புப் பட்டியலின் படங்களையும் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு வங்கியிலிருந்தே மேலாளர் அழைத்தார், பகலில். ஏஜென்சியை விலக்கிவிட்டதாகச் சொன்னார். பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கடனை முடிக்கும் 'செட்டில்மென்ட்' செய்துகொள்ளலாம் என்றார், மறுத்தேன். அது கடன் வரலாற்றில் அப்படியே பதிவாகும், நாளைக்கு நமக்கு யாரும் கடன் தர யோசிப்பார்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி கேட்டேன். கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தால், வசூலுக்கு வந்து போனதற்கென்று ஒரு கட்டணம் ஏற்றியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன், நீக்கினார்கள். புதிய தவணை அட்டவணை வங்கி முத்திரையுடன் கைக்கு வந்த பிறகுதான் முதல் தவணையைக் கட்டினேன்.