கரப்பான் பட்டியலில் பால் இல்லை

எங்கள் வீட்டில் பாலுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் என் மாமனார் பதினொரு மாடு வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்பே கறந்து, போத்தலில் ஊற்றி, மோட்டார் சைக்கிளில் டவுன் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். கோயில் அபிஷேகத்துக்கும் அவர் பால்தான். அந்த வீட்டில் பிறந்த பேரனுக்குப் பால் ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? முதலில் நானே நம்பவில்லை.

பையன் பிறந்தது 2023 பிப்ரவரியில். அந்த வருடம் ஜனவரியில்தான் தனியாரில் வேலை செய்பவர்களுக்கு 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை 98 நாளானது. தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை எனக்கு. விடுமுறை முடிந்ததும் காலையிலும் இரவிலும் தாய்ப்பால், பகலில் அத்தை கையால் டப்பா பால்மாவு என்று ஆனது.

ஜூலையில் கன்னம் சிவந்தது. சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிட்டோம். இரண்டு வாரத்தில் நெற்றி, காதோரம், கை கால்களின் வெளிப்பக்கம் எல்லாம் சொரசொரப்பாகி, சில இடங்களில் நீர் கசியத் தொடங்கியது. இரவில் முகத்தை என் தோளில் போட்டுத் தேய்ப்பான். காலையில் பார்த்தால் என் சட்டையில் ரத்தப் பொட்டு இருக்கும்.

அத்தை பார்த்த உடனே "கரப்பான்" என்றார், அரித்து நீர் கசியும் தோல் நோய்க்கு ஊரில் சொல்லும் பெயர். கூடவே எனக்கு ஒரு பட்டியலும் வந்தது. கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு எதையும் தொடக்கூடாது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் ஆச்சே. நான் அப்படியே கேட்டேன். அந்தப் பட்டியலில் பால் இல்லை. இருக்கவும் முடியாது, எங்கள் ஊரில் பால்தானே மருந்து. வறண்ட தோலுக்குப் பாலாடை தேய்ப்பது அத்தைக்குத் தெரிந்த நல்ல வைத்தியம். நான் வேலைக்குப் போன பிறகு தினமும் குளிப்பாட்டுவதற்கு முன் தேய்த்துக்கொண்டிருந்தார். வெடித்த தோல் வழியாக உணவின் புரதம் உள்ளே போனாலும் உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்ளலாம் என்று பின்னால்தான் தெரிந்தது. அத்தையைக் குறை சொல்லவில்லை. என் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அவரும் இதையேதான் செய்திருப்பார்.

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க கிளினிக்கில், ஒரு வெள்ளி கட்டிக் காட்டினோம். எக்சிமா என்றார்கள், தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய். 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் ஈரப்பதத்துக்கு ஒரு வெள்ளை கிரீமும் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தோட்டக் குடியிருப்பான லயத்தில் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள், தோல் மெலிந்துபோகும், பிள்ளை வளராது என்று. அதனால் களிம்பை ஊசி முனை அளவு எடுத்து, ஒரு நாள் வைத்து இரண்டு நாள் விட்டேன். பிறகு, மருந்து வேலை செய்யவில்லை என்று நானே முடிவும் செய்துகொண்டேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் செய்த முட்டாள்தனங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டவுன் கடை ஒன்றில் லாக்டோஸ் இல்லாத பால்மாவு வாங்கினோம், மாற்றமே இல்லை. லாக்டோஸ் பாலில் இருக்கும் சர்க்கரை. அது செரிக்காவிட்டால் வயிறு உப்பும், கழியும், ஆனால் எக்சிமா வராது. தோலைக் கிளப்புவது பாலின் புரதம், அந்த மாவில் அது முழுசாக அப்படியே இருந்தது. அப்புறம் ஆட்டுப்பால். ஆட்டுப்பால் புரதமும் பசும்பால் புரதமும் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கம் என்பதால் அதிலும் பலனில்லை. கடைசியாகக் கைப்பேசியில் பார்த்து வாங்கிய ஒரு மூலிகை கிரீம். மூன்றே நாளில் கன்னம் கண்ணாடி மாதிரி ஆனது! டப்பா தீர்ந்த நான்காம் நாள் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. டப்பாவில் பதிவு செய்த மருந்துக்கு இருக்க வேண்டிய, மால் (MAL) என்று தொடங்கும் எண்ணும் இல்லை, ஹாலோகிராம் ஒட்டும் இல்லை. அந்த வேகத்தைப் பார்த்தால் உள்ளே பலமான ஸ்டீராய்டுதான் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடி, அளவே தெரியாத ஸ்டீராய்டைப் பிள்ளை முகத்தில் பூசியிருக்கிறேன்.

செப்டம்பரில் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது பாலைப் பற்றி அல்ல.

"இந்த நூறு கிராம் கிரீம் டப்பா உங்களுக்கு எத்தனை நாள் வருது?"

"ரெண்டு மாசம் வருது டாக்டர்" என்றேன், சிக்கனத்துக்குப் பாராட்டுவார் என்று நினைத்து. அவர் சிரித்துவிட்டார். இவ்வளவு வறண்ட உடம்புக்கு அது ஒரு வாரத்தில் தீர வேண்டுமாம். பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை களிம்பைப் பிதுக்கிக் காட்டினார். அது அரை கிராம். பெரியவர் உள்ளங்கை இரண்டு விரல்களோடு சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு தோலுக்கு அது காணும். சிவந்த இடத்தில் தினமும் அந்த அளவு வைத்து, அடங்கியதும் நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் குளியல், சோப்பு வேண்டாம், ஒற்றித் துடைத்து மூன்று நிமிடத்துக்குள் கிரீம். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். பாலாடை அன்றோடு நின்றது.

இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் அடங்கியது. அப்படியானால் பால் காரணம் இல்லையோ என்று கேட்டேன். அவர் என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, எக்சிமா உள்ள எல்லாப் பிள்ளைக்கும் உணவு காரணமாக இருக்காது, ஆனால் இவன் விஷயம் வேறு என்றார். சின்ன வயதிலேயே கடுமையாக வந்திருக்கிறது, பால்மாவு தொடங்கிய பிறகு ஏறியிருக்கிறது, அதோடு அடிக்கடி கக்குகிறான், மலத்தில் சளி இருக்கிறது. தோலோடு வயிறும் சேர்ந்து பேசினால் பாலைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் எடுத்தார்கள். பாலுக்கு ஒன்றும் வீங்கவில்லை. என் வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். டாக்டர் விடவில்லை. குடித்த சில நிமிடத்தில் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வருகிற அவசர ரக ஒவ்வாமையைத்தான் அந்த டெஸ்ட் காட்டும். சில மணி நேரமோ இரண்டு மூன்று நாளோ கழித்து வருகிற ரகத்தை அது பிடிக்காது. அதைப் பிடிக்க ஒரே வழி, நான்கு வாரம் பாலை நிறுத்துவது, பிறகு மறுபடியும் கொடுத்துப் பார்ப்பது.

நிறுத்துவது அவனுக்கு மட்டும் இல்லை, தாய்ப்பால் கொடுக்கும் எனக்கும்தான். அவனுக்குப் பகலில் புரதத்தை நுணுக்கமாக உடைத்த தனி பால்மாவு. கசக்கும், ஒரு மாதிரி வாடை அடிக்கும், விலையும் சாதாரண மாவைவிடப் பல மடங்கு. மூன்று நாள் மூஞ்சியைத் திருப்பினான், நான்காம் நாள் குடித்துவிட்டான். நான்தான் தே தாரேக், அதாவது டின் பால் ஊற்றி ஆற்றும் தேநீர் இல்லாமல் தவித்தேன். அப்போதுதான் பால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் மாவில் பல கடைகளில் டின் பால் ஊற்றிப் பிசைகிறார்கள். கடைக்காரர் ஒருவர் "அது பால் இல்லம்மா, கிரீமர்தான்" என்று டின்னைத் தூக்கிக் காட்டினார். வாங்கிப் படித்தேன். செம்பனை எண்ணெய், சீனி, அடுத்த வரியில் 'பெபெஜால் சூசூ', அதாவது பால் திடப்பொருள். நம் தோட்டத்து எண்ணெயே என்னை ஏமாற்றப் பார்த்தது. மூன்று சேர்ந்த காப்பிப் பொட்டலத்தில் 'கசேயின்' என்று போட்டிருக்கும், அதுவும் பால் புரதம்தான். பாலிருந்தால் பொட்டலத்தில் சொல்ல வேண்டும் என்று இங்கே சட்டம் இருப்பது பெரிய உதவி. தேங்காய்ப்பாலில் பயமில்லை என்று அத்தைக்குப் புரியவைக்கத்தான் ஒரு வாரம் பிடித்தது.

நான்கு வாரத்தில் கன்னம் தெளிந்தது. கக்கல் நின்றது. இரவில் ஒரே மூச்சாக ஐந்து மணி நேரம் தூங்கினான். எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை, மறுபடி பால் கொடுப்பதாவது என்று இருந்தேன். ஆனால் வீட்டில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. "களிம்பை ஒழுங்கா போட்டீங்க, ஆறிடுச்சு. பால் என்ன பண்ணுச்சு?" என்று மாமா கேட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. களிம்பை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தபோதே பாலையும் நிறுத்தியிருந்தோமே. தேவையில்லாமல் வளரும் பிள்ளைக்குப் பாலை மறுப்பதும் தப்புதான், அதற்காகத்தான் மறுபடி கொடுக்கச் சொல்கிறேன் என்று டாக்டரும் சொன்னார். டெஸ்டில் அவசர ரகம் இல்லை என்று தெரிந்ததால்தான் வீட்டில் செய்யவும் விட்டார்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அது கழிந்ததும் தொடங்கினோம். கிரீம், குளியல், சாப்பாடு எதையும் மாற்றவில்லை. பழைய பால்மாவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தோம். முதல் நாள் ஒன்றும் இல்லை. மாமாவின் முகத்தில் வெளிச்சம். இரண்டாம் நாள் இரவு தேய்க்கத் தொடங்கினான். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கன்னமும் தக்காளி, மலத்தில் பழையபடி சளி. மாமா தொட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "சரி, நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவனுக்கு ஒரு சொட்டுப் பால் கொடுக்க முயலவில்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தபோதுகூட அத்தை கையைக் கழுவிவிட்டுத்தான் அவனைத் தூக்கினார்.

சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது என்று டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள். ஒரு வயதுக்குப் பிறகு நாளுக்கு 700 மில்லிகிராம் வேண்டும். உப்புப் போக ஊறவைத்து வறுத்துப் பொடித்த நெத்திலி, கேழ்வரகுக் கூழ், டோஃபு, கால்சியம் சேர்த்த சோயா பால் என்று ஓட்டினோம். கருவாட்டைத் தள்ளி வைத்த வீட்டில் நெத்திலிப் பொடிக்குத் தனி டப்பா வந்தது.

அவனுக்கு 15 மாதம் ஆனபோது பால் ஏணியில் ஏறத் தொடங்கினோம், அதாவது பாலைப் படிப்படியாகப் பழக்குவது. மாவோடு சேர்ந்து நீண்ட நேரம் வெந்த பாலின் புரதம் உருமாறிவிடும், அதை உடம்பு சீக்கிரம் ஏற்கும். அதனால் முதல் படி பிஸ்கோத்து, அதிலும் கால் துண்டு. பிறகு கேக், பிறகு தோசைக்கல்லில் சுடும் பேன்கேக். ஒரு படியில் சில வாரம் நின்று, தோலையும் வயிற்றையும் பார்த்துவிட்டு அடுத்த படி. அவசர ரக ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இதை வீட்டில் செய்யக்கூடாது, ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். தயிரில் சறுக்கி விழுந்தோம். பேன்கேக்குக்கு இறங்கி, ஆறு மாதம் கழித்து மறுபடி ஏறினோம். இப்போது தயிர்சாதம் தானே அள்ளிச் சாப்பிடுகிறான்.

எக்சிமா போய்விட்டதா என்று கேட்கிறார்கள். போகவில்லை. பால் அதைக் கிளறிவிட்டது, அவ்வளவுதான். வறண்ட தோல் அவனோடு பிறந்தது. புகைமூட்டம் வந்தாலோ, வெயிலில் வியர்த்தாலோ முழங்கை மடிப்பில் தலைகாட்டும். கிரீம் டப்பா இன்னும் வாரா வாரம் தீர்கிறது.

அடுத்த படி காய்ச்சிய பால், இரண்டு தேக்கரண்டி. வெயில் கொஞ்சம் குறையட்டும் என்று நான் தள்ளிப்போட்டு வருகிறேன். எந்த மாட்டுப் பால் என்று மாமா இப்போதே முடிவு செய்து வைத்திருக்கிறார்.