எஃப்.எச்.ஏ. கடன் வீட்டை ஷார்ட் சேலில் விற்றோம்: எதில் கவனம் வேண்டும்?

அமெரிக்காவில் எஃப்.எச்.ஏ. கடனில் (மத்திய அரசு அமைப்பு காப்பீடு தரும் வீட்டுக்கடன்) வாங்கிய வீட்டை, கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்பதுதான் ஷார்ட் சேல்; எஃப்.எச்.ஏ.வில் இதை ப்ரீ-ஃபோர்க்ளோஷர் சேல் என்கிறார்கள். நாங்கள் விற்றது இப்படித்தான். இதில் வாங்குபவர் சொல்லும் விலை முக்கியமல்ல. செலவெல்லாம் போக சர்வீசர் (கடன் தவணையை வசூலிக்கும் நிறுவனம்) கைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் கணக்கு.

முதல் வேலை, சர்வீசரின் லாஸ் மிட்டிகேஷன் (கடன் கட்டமுடியாதவர்களுக்கு மாற்று வழி பார்க்கும்) பிரிவுக்கு விண்ணப்பம். சிரமத்தை விளக்கும் கடிதம், பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), பேங்க் ஸ்டேட்மென்ட், வரிக்கணக்கு எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்புங்கள். ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கம் காலியாக இருந்தாலும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் 'முழுமையில்லை' என்று ஃபைல் அப்படியே கிடக்கும். இது சின்ன விஷயமல்ல. முழுமையான விண்ணப்பம், கடன் கட்டாத வீட்டை ஏலம் விடும் தேதிக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தால்தான், அதைப் பரிசீலித்து முடிக்கும்வரை ஏலம் விடக்கூடாது என்ற பாதுகாப்பு கிடைக்கும். போனில் சொன்ன வாக்குறுதியை நம்பாமல், அனுப்பியதற்கான ரசீதை எடுத்து வையுங்கள்.

அடுத்து அப்ரைசல். வீடு இருக்கிற நிலையில் என்ன பெறும் என்று மதிப்பிடுவார்கள். கூரை ஒழுகினால் அதற்கான கான்ட்ராக்டர் எஸ்டிமேட்டை அப்ரைசர் வரும் அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். அந்த மதிப்புக்குக் கீழே லிஸ்ட் செய்ய முடியாது. மதிப்பு கூடிவிட்டால் பின்னால் எல்லாமே இழுக்கும்.

கணக்கு இப்படி. மதிப்பு 3,00,000 டாலர் என்று வையுங்கள். விற்பனைக்கு வைத்த முதல் 30 நாளில் வரும் ஆஃபரில், செலவு போக மதிப்பில் 88 சதவீதம், அதாவது 2,64,000 நிற்க வேண்டும். 31 முதல் 60 நாள்வரை 86 சதவீதம், 2,58,000. அதற்குப் பிறகு 84 சதவீதம், 2,52,000. இப்போது 2,85,000க்கு ஒரு ஆஃபர். 6 சதவீதக் கமிஷன் 17,100, க்ளோசிங் (விற்பனையை முடித்துக் கைமாற்றும்) செலவு 5,000 என்றால் மிஞ்சுவது 2,62,900. முதல் மாதத்தில் தேறாத இதே ஆஃபர் இரண்டாவது மாதத்தில் தேறிவிடும். ஷார்ட் சேல் செய்து பழகிய ரியல்டர் என்றால் ஒவ்வொரு ஆஃபருக்கும் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். மற்றவர்கள் விலையை மட்டும் பார்த்து நாளைக் கடத்துவார்கள்.

உறவினருக்கோ தொழில் பங்காளிக்கோ விற்க முடியாது. விற்றபின் அங்கேயே வாடகைக்கு இருக்க ரகசிய ஒப்பந்தமும் கூடாது. இதற்கான உறுதிமொழியில் எல்லாத் தரப்பும் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது கடன், ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்க) பாக்கி இருந்தால் டைட்டில் தேடலை (வீட்டின்மேல் உள்ள உரிமை, பாக்கிகளைப் பார்ப்பது) ஆரம்பத்திலேயே போடச் சொல்லுங்கள். க்ளோசிங் வாரத்தில் தெரிந்தால் விற்பனையே கவிழும். கூட்டு உரிமையாளர் தமிழ்நாட்டில் இருந்தால், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி அப்பாயின்ட்மென்ட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மீதிக் கடனுக்கு உங்கள்மேல் வழக்கு வராது என்பதே இந்தத் திட்டத்தின் பெரிய நிம்மதி. ஆனாலும் அந்த வாசகம் ஒப்புதல் கடிதத்தில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். தள்ளுபடியான தொகைக்கு 1099-சி (அதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம்) வரலாம். தள்ளுபடிக்குச் சற்று முன் உங்கள் மொத்தச் சொத்தைவிட மொத்தக் கடன் அதிகமாக இருந்திருந்தால், அந்த வித்தியாசம் அளவுக்கு ஃபார்ம் 982 மூலம் வரியிலிருந்து விலக்குக் கோரலாம். புது எஃப்.எச்.ஏ. கடனுக்குப் பொதுவாக 3 வருடம் காத்திருக்க வேண்டும்.