அரண்மனைக்காரன் தெருவில் இரண்டு வாரம்

ஜூன் 10, செவ்வாய்

ஆடிட் வேலைக்காக இரண்டு வாரம் சென்னை ஜார்ஜ் டவுனில், லிங்கிச் செட்டித் தெருவில் உட்கார வேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். ஆபீசில் ஏசி ஓடவில்லை. மதியம் டிபன் டப்பாவை மூடியதும் தம்புச் செட்டித் தெருவைத் தாண்டி அரண்மனைக்காரன் தெருவுக்குள் நுழைந்தேன். வெயில் அங்கேயும் அதேதான், ஆனால் காற்றாவது வரும் என்று நினைத்தேன்.

கால் வைக்க இடமில்லை. செவ்வாய்க்கிழமை என்பது மறந்தே போச்சு. அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்த கூட்டம், தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நெற்றியில் குங்குமம் வைத்த அம்மாக்கள்தான் அதில் பாதிக்கு மேல். இந்தத் தேவாலயத்தின் கதை 1642இல் மதராசுக்கு வந்த எஃப்ரெம் என்ற கப்புச்சின் துறவுச் சபைப் பாதிரியாரிடம் தொடங்குகிறது. கோட்டையையே அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். எண்பதுகளில் தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். "அரமனக்காரத் தெருவா! நவாபோட அரமன எதோ இருந்திருக்கும்மா" என்றார். இல்லப்பா, ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் இருக்கிற ஆர்மீனியன்தான் தேய்ந்து அரண்மனைக்காரன் ஆகிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பதினோரு வருஷம் அந்தப் பக்கம் போய்வந்த மனிதர்.

ஜூன் 12, வியாழன்

இன்று ஆர்மீனியர் தேவாலயம். தெருவில் இருக்கும்போது காது கிழிகிற ஹார்ன் சத்தம். கனமான மரக்கதவைத் தாண்டி நாலடி உள்ளே போனால் யாரோ வால்யூமைக் குறைத்த மாதிரி இருக்கிறது. நீண்ட முற்றம், ஒரு பக்கம் வெள்ளைத் தூண்கள். தரையெல்லாம் கல்லறைக் கற்கள். ஓரமாக நடக்கலாம் என்று பார்த்தால் ஓரத்திலும் கல்லறைதான். முதலில் தாண்டித் தாண்டிக் கால் வைத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. குதிரை லாடத்தை வரிசையாக நிமிர்த்தியும் கவிழ்த்தும் வைத்தது போலிருக்கிறது.

இப்போதைய கட்டடம் 1772இல் எழுந்தது. பாரசீகத்திலிருந்து வந்து பட்டும் ரத்தினமும் விற்றவர்கள் இந்த ஆர்மீனியர்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிக்கொடுத்த கோஜா பெட்ரஸ் உஸ்கானும் இவர்களில் ஒருவர்தான். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் கைங்கரியம். பணக்காரர்கள் பாலம் கட்டுவதாவது நமக்குப் புரிகிறது. இங்கே பாதிரியாராக இருந்த ஹருத்யுன் ஷ்மாவோனியான், 1794இல் ஆர்மீனிய மொழியில் ஒரு மாத இதழ் தொடங்கினார். பெயர் 'அஸ்தரார்'. அந்த மொழியில் உலகிலேயே முதல் பத்திரிகை அதுதான். ஆர்மீனியாவில் இல்லை, இந்தத் தெருக்காரர்களிடையே! 1824இல் இறந்தவரை இந்த வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். பத்திரிகை இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. சிற்றிதழ் நடத்திய யாரைக் கேட்டாலும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

வேலைக்குத் திரும்ப இருபது நிமிஷம் தாமதம்.

ஜூன் 13, வெள்ளி

நாள் முழுக்க வவுச்சர். வெளியே போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மணி அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டதால் ஒன்பதுக்கே போய் நின்றோம். கடைகளின் ஷட்டரெல்லாம் இறங்கியிருந்ததால், வாரநாளில் போர்டுகள் மறைத்து வைத்திருக்கும் மாடிகள் தெரிந்தன. இரும்புக் கிராதி, மரச் சட்டம் போட்ட ஜன்னல், சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிற வளைவு. "இத்தனை வருஷம் நான் தலையைத் தூக்கவே இல்லை போலிருக்கு" என்றார் அப்பா. தூக்கியிருந்தால் கைவண்டியில் இடித்திருப்பார்.

மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. மொத்தம் ஆறு மணி. இரண்டு, லண்டனில் தாமஸ் மியர்ஸ் பட்டறையில் 1837இல் வார்த்தவை. 1754இல் வார்த்து 1808இல் மறுபடி உருக்கி வார்த்த ஒன்றில் தமிழ் எழுத்தும் உண்டாம். மேலே ஏற விடவில்லை, அதனால் பார்க்கவில்லை. அடித்தபோது அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது பழைய ஆபீஸ் நண்பரிடம் போனில், "அரமனயைப் பார்த்துட்டு வந்தேன்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தவில்லை.

ஜூன் 16, திங்கள்

இதே தெருவில் கோகலே ஹால். அன்னி பெசன்ட் இளைஞர்களுக்காகத் தொடங்கிய சங்கத்தின் அரங்கம். 1915இல் கோகலே இறந்ததும் அவர் பெயரைத் தாங்கியது. ஹோம்ரூல், அதாவது தன்னாட்சி கேட்ட பேச்சுகள் நடந்த இடம். பிறகு கச்சேரிகளும் நடந்திருக்கின்றன. நம் காலத்தில்தான் இடிக்க ஆரம்பித்து, வழக்குப் போட்டு, நடுவில் நின்றது. எதிரே நின்று பத்து நிமிஷம் பார்த்தேன். அப்பாவிடம் கேட்டால், "உள்ளே போனதில்லை. மழைக்கு வாசல்ல ஒதுங்கியிருக்கேன்" என்கிறார். அவருக்கு அந்த ஹால் ஒரு தாழ்வாரம்தான், எனக்கு அதுகூட இல்லை.

ஜூன் 18, புதன்

பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள். கூரையை வெட்டுவாக்கில் இப்படிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்காது என்று நின்றுவிட்டேன். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள் இந்த வகைக் கூரையை. கீழே தேக்கு உத்தரம், அதன்மேல் விரல் கனமுள்ள சின்னச் செங்கல்களை விளிம்பில் நிறுத்திக் கோணவாட்டில் சுண்ணாம்புக் காரையால் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். கீழே முட்டுக் கொடுத்துத் தாங்கும் சென்ட்ரிங் கிடையாது. ஒரு வரிசை இறுகி அடுத்த வரிசையைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேலே செங்கல் ஜல்லி போட்டுக் கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடு.

நூறு வருஷம் நின்ற இதை எது சாய்த்தது என்று மேஸ்திரியைக் கேட்டேன். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனியைக் காட்டினார். நகத்தால் கீறினாலே ஈர மரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மேலே தட்டோட்டுச் சந்தில் ஒரு அரசங்கன்று, மூன்றே இலைதான், வேர் மட்டும் என் கை நீளம். "இத அப்பப்போ புடுங்கிப் போட்டிருந்தா இன்னும் ரொம்ப நாள் வந்திருக்கும்" என்றார். தேக்குக்கு ஏற்கெனவே விலை பேசியாகிவிட்டதாம். செங்கல்லை யாரும் கேட்பதில்லை, எடுத்துக்கோங்க என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்.

இப்போது மேஜையில் வவுச்சர் கட்டுக்கு வெயிட்டாக வைத்திருக்கிறேன். ஃபேன் காற்றுக்குச் சிவப்புத் தூள் உதிர்ந்து ஏப்ரல் மாதக் கணக்கு முழுக்க ஒட்டிக்கொண்டது.