இரண்டு இஞ்ச்

9 செப்டம்பர், திங்கள்

இன்வர்னஸில் காலையிலிருந்தே தூறல். பக்கத்து வீட்டுத் தாத்தா தன் கில்ட்டை, ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கொசுவம் வைத்த கம்பளி உடையை, கோட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்தார். சனிக்கிழமை பேத்திக்குக் கல்யாணம். ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப இளைத்துவிட்டார். தோல்வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டினாலும் நழுவுகிறது. இன்னொரு ஓட்டை குத்திக்கொடு என்றார். வேண்டாம், பக்கிளையே நகர்த்துகிறேன் என்றேன்.

கில்ட் நிற்க வேண்டிய இடம் பேன்ட் நிற்கும் இடம் இல்லை. இடுப்பெலும்புக்கு மேலே, தொப்புளை ஒட்டி. அங்கே டேப் வைத்தால் 34 இஞ்ச். கடைசி ஓட்டையில் கில்ட் 35, நடு ஓட்டையில் 36. நடு ஓட்டையில் 34 வந்தால்தான் பிற்பாடு கூட்டவோ குறைக்கவோ இடமிருக்கும். அப்படியானால் 2 இஞ்ச் நகர்த்த வேண்டும். அதற்கு மேல் என்றால் ஏப்ரனின், அதாவது முன்னால் ஒன்றன் மேல் ஒன்றாக வரும் கொசுவமில்லாத தட்டைப் பகுதியின், ஓரம் கொசுவத்தின் மேல் ஏறிவிடும். இடுப்புப்பட்டையையே பிரிக்க வேண்டிவரும்.

நீளமாகிவிட்டதே என்றும் கவலைப்பட்டார். இடுப்பிலிருந்து இறங்கியதால் வந்தது அது. கீழே வெட்டவும் முடியாது. கில்ட்டுக்கு மடித்துத் தைத்த விளிம்பு கிடையாது. வேட்டி மாதிரி, நெய்த கரைதான் விளிம்பு.

10 செவ்வாய்

வலப்பக்கத்து பக்கிள்கள் இரண்டையும் பிரித்தேன். பக்கிளைப் பிடித்திருந்த தோல்துண்டுக்கு அடியில் பச்சைக் கட்டம் நனைந்த இலை போல இருந்தது. சுற்றிலும் வெளிறிப்போயிருந்தது, அப்போதுதான் நிஜ நிறமே தெரிந்தது. ஓர் இஞ்ச் பின்னால் வரிசையாகப் பழைய ஊசித் தடம். தாத்தாவிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். "மகன் பிறந்த வருஷம் எனக்குத் தொப்பை போட்டது. அவள்தான் முன்னால் நகர்த்தித் தைத்தாள்" என்றார். பாட்டி போய் ஆறு வருடம். நான் தைக்க வேண்டிய இடம் அந்தத் தடத்தையும் தாண்டி ஓர் இஞ்ச்.

சாயங்காலம் கட்டிப் பார்த்தார். மேல் ஏப்ரன் கச்சிதம். ஆனால் உள் ஏப்ரன் தொங்கி, முன்னால் கீழே எட்டிப் பார்த்தது. இடப்பக்கத்தைத் தொடாமல் விட்டது என் தப்பு.

11 புதன்

கில்ட்டில் சுற்று இரண்டு. உள் ஏப்ரனின் வார், இடப்பக்கம் காஜா மாதிரி இருக்கும் கீறல் வழியாக வெளியே வந்து பக்கிளில் மாட்டும். அதுதான் முதல் பிடி. மேல் ஏப்ரன் அதற்கு மேல் சுற்றி வலப்பக்கம் மாட்டும். ஒன்றைக் குறைத்தால் மற்றதையும் அதே அளவு குறைக்க வேண்டும்.

இடப்பக்கத்தில் பக்கிளை நகர்த்தவில்லை. நகர்த்தினால் உள் ஏப்ரனின் ஓரம் கீறலில் வந்து சுருண்டு முட்டும். அதனால் வாரைப் பிரித்து 2 இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்தேன். மிச்சத் துணி உள்ளேயே தட்டையாகப் படுத்துக்கொண்டது.

லைனிங்கைத் திறந்து, ஊசி உள்ளே இருக்கும் முரட்டுத் துணியான கேன்வாஸைப் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு தையலுக்கும் பார்த்தேன். எட்டு கெஜக் கம்பளியின் கனத்தைக் கட்டத்துணி மட்டும் தாங்காது, கிழிந்துவிடும். மெழுகு தேய்த்த நூல். விரல் நுனி எரிகிறது.

12 வியாழன்

முட்டி போட்டு நிற்கச் சொன்னேன். கரை தரையிலிருந்து ஓர் இஞ்ச் மேலே. சரியான நீளம். மூன்றாவது வாரை, வலப்பக்கம் கீழே இருப்பதை, இறுக்கப் போனார். தடுத்தேன். அதை இழுத்தால் கொசுவம் வாய் பிளக்கும். சும்மா அணைத்தாற்போல இருந்தால் போதும்.

பக்கிளே இல்லாத காலத்தைப் பற்றிச் சொன்னார். முழுத்துணியைத் தரையில் விரித்து, கையால் கொசுவி, அதன் மேல் படுத்து பெல்ட்டைக் கட்டி எழுவார்களாம். 1746-ல் சட்டம் போட்டு மலைநாட்டு உடையையே தடுத்தார்கள், 1782-ல்தான் நீக்கினார்கள் என்று அவர் சொல்லும்போது குரலில் இன்னும் கோபம் இருந்தது.

ராத்திரி கொசுவங்களை ஓட்டுத்தையலில் பிடித்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தேன்.

14 சனி

ஏழு மணிக்கே வந்தார். ஓட்டுத்தையலை உருவினேன். கில்ட்டுக்கான ஊக்கை மேல் ஏப்ரனில் மட்டும் குத்தினேன். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும்.

இடது வாரை நான் மாட்டினேன். வலதை அவரே மாட்டினார், குனிந்து ஓட்டைகளை எண்ணி. நடு ஓட்டை.